அட்டை பார்ப்பது

சுற்றுலாவுக்காக, உள்ளேயே தங்கும் வசதியுள்ள கேரவன் வண்டியை நான்கு மாதங்களுக்கு முன்பே பதிவு செய்திருந்தார்கள். கணவனைப் பிரிந்துவிடுவதென்று வசுமதி முடிவெடுத்தது அதற்குப் பிறகுதான். ஆனாலும் அவள் கிளம்பி வந்தாள். வந்ததாலேயே மனம் மாறிவிடுவாள் என்று கிருபாகரன் ஆறு நாட்களாக நம்பிக்கொண்டிருந்தான். பயணம் முடிந்ததும் அவள் கோவையில் அக்கா வீட்டில் இறங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

கடைசி நாள் மழைக்காட்டு ஒற்றையடிப் பாதையில் மூன்று மணி நேரம் நடந்தார்கள். வண்டிக்குத் திரும்பியதும், வழிகாட்டியாக வந்த செல்லி இருவர் கையிலும் உப்பைக் கொட்டினாள்.

"அட்டை ஏறியிருக்கும். கடிச்சாத் தெரியாது. கழுத்து, முழங்காலுக்குப் பின்னாடியெல்லாம் ஒருத்தருக்கொருத்தர் பாத்துக்கோங்க. புருஷன் பொண்டாட்டியா வந்தா எனக்கு வேலை மிச்சம்."

வசுமதி கூந்தலைத் தூக்கிப் பிடித்து, செல்லியிடம் பிடரியைக் காட்டினாள். "நீங்களே பாத்துடுங்கக்கா."

"ஏன், சாருக்கு அட்டைன்னா பயமா?" என்று செல்லி சிரித்தாள்.

கிருபாகரன் வண்டிப் படியில் உட்கார்ந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டான். சட்டைக் காலரில் ரத்தம் பரவிக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியவில்லை. வசுமதிதான் பார்த்தாள். சற்றுத் தயங்கினாள். பிறகு வந்து, அவன் தலையைக் குனியவைத்துப் பிடரியில் உப்பைத் தேய்த்தாள். அட்டை சுருண்டு விழுந்தது. ரத்தம் நிற்கவில்லை. துப்பட்டாவின் நுனியை மடித்துக் காயத்தில் அழுத்திப் பிடித்தாள். அவன் கண்களை மூடிக்கொண்டான்.

"வசு..." என்றான்.

"இனிமே இந்த மாதிரி காட்டுக்கெல்லாம் தனியா வராதீங்க" என்றாள். கையை எடுக்கவில்லை.