நோய் வராத தக்காளிச் செடிகள்

"யாரு கை வெச்சது என் செடியில?"

செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தில் நான் போட்ட சத்தத்தில் பேராசிரியரே எழுந்து ஓடி வந்தார்.

ஆறு மாத ஆராய்ச்சி! பாதித் தக்காளிச் செடிகளுக்கு எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் ஹார்மோன் தெளித்தேன். மீதிக்கு வெறும் தண்ணீர். பிறகு எல்லாவற்றுக்கும் நோய்க்கிருமி. தண்ணீர் தெளித்த செடிகள் கருகினால்தானே, ஹார்மோன் வேலை செய்தது என்று நிரூபிக்க முடியும்? அதுகள் என்னடாவென்றால், ஒரு புள்ளிகூட இல்லாமல் தளதளவென்று நிற்கின்றன!

தண்ணீர் ஊற்றும் அண்ணன் குழாயோடு வந்தார். பக்கத்தில் வந்ததுமே வலித் தைல வாசனை மூக்கில் ஏறியது.

"அண்ணே, தைலக் கையோடவா இலையைத் தொட்டீங்க?"

"தினம் தூசி துடைச்சு விடுவேம்மா. நல்லா இருக்கட்டுமேன்னு..."

"போச்சு! தைலம், சென்ட் எதுவும் கூடாதுன்னு கதவுலயே ஒட்டியிருக்கோமே! நோய் வந்த செடியில சுரக்கிற ஹார்மோன் வாசனையா மாறிக் காத்துல பரவும். அது பட்டதும் பக்கத்துச் செடியில தூங்கிட்டிருக்கிற எதிர்ப்பு மரபணுவெல்லாம் முழிச்சுக்கும். உங்க தைலத்துல இருக்கிறதும் அதே சரக்குதான்!"

அண்ணன் பேராசிரியரைத் திரும்பிப் பார்த்தார்.

"படிக்காத ஆளை உள்ளே விட்டா இப்படித்தான்" என்றார் பேராசிரியர். "யோவ், நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

பதினோரு வருட வேலை அத்தோடு முடிந்தது. எனக்குப் பாவமாகக்கூட இல்லை. நல்லா வேணும் என்றுதான் நினைத்தேன்.

சாயங்காலம் அண்ணன் வாசலில் சைக்கிளோடு நின்றிருந்தார். எனக்குக் கோபம் ஆறவில்லை.

"உடம்பு வலின்னா லீவு போட்டிருக்கலாம்ல? என் படிப்பே போச்சுண்ணே!"

"எனக்கு ஏதும்மா வலி? சாருக்குத்தான் கழுத்துப் பிடிப்பு. தினம் காலையில அவருக்குத் தைலம் தேய்ச்சு விட்டுட்டுதான் தண்ணி ஊத்த வருவேன். தேய்க்கச் சொல்றதே அவர்தான்."

நான் திரும்பிப் பேராசிரியரின் அறையைப் பார்த்தேன்.

"ஐயோ... அதை அங்கேயே சொல்லியிருக்கலாமே அண்ணே!"

"அவரே சொல்லுவார்னுதாம்மா கடைசி வரைக்கும் நின்னுட்டிருந்தேன்."