மலை மேல் ஒரு சுவிட்ச்

தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மலையிலிருந்த டிவி ரிலே நிலையத்தை இனி ஓசூரிலிருந்தே கம்ப்யூட்டரில் இயக்கலாம். 1996-இல் ஒரு மதியம் அந்த வேலை முடிந்தது. ஓசூர் திரும்பிய பிறகுதான் என்ஜினியர் வெங்கடசாமிக்கு உறைத்தது: மலையிலுள்ள சுவிட்சை 'ரிமோட்'டுக்கு மாற்றாமலே வந்துவிட்டார்கள். அதைக் கையால்தான் திருப்ப முடியும்.

பதினோரு வருடமாக நிலையத்தைப் பார்த்துக்கொண்ட ராமப்பனை அடிவாரத்து டீக்கடை போனில் பிடித்தார். ஒரே சாவி அவரிடம்தான் இருந்தது. மெஷின் அறைக்குள் யாரையும் செருப்போடு விடாத மனிதர். அன்று காலை வெங்கடசாமியின் ஷூவையும் கழற்ற வைத்திருந்தார்.

"ராமப்பா, மேல போயி அந்த சுவிட்ச திருப்பிட்டு வந்துரு."

"சரிங்க சார். அப்புறம் எனக்கு அங்க வேலையில்லீங்களா?"

"இல்லப்பா."

ஐந்து மணிக்கு ஓசூர் திரையில் 'ரிமோட்' என்று வந்தது. ஒளிபரப்பு தொடங்கியது.

ஆறு மணிக்கு ராமப்பனின் மனைவி சென்னம்மா போன் செய்தார்.

"நாலு மணிக்கே ஓடைகிட்ட ஆனை அவர அடிச்சுக் கொன்னுருச்சு சார். அவரு மலை ஏறவே இல்ல. சாவி இடுப்புலயே இருக்குது."

மறுநாள் அந்தச் சாவியை வாங்கிக்கொண்டு வெங்கடசாமி மலையேறினார். கதவில் பூட்டு தொங்கியது. அதன் முன்னால், ராமப்பனின் டயர் செருப்பு ஜோடியாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது.