டேனி சிரிக்கிறான்

“வெளியில நிக்கிறானா பாருடி” என்றாள் கண்மணி. திரும்பிப் பார்க்கக்கூட அவளுக்குத் துணிவில்லை.

“ஒருத்தனும் இல்ல. சும்மா பயந்துகினு!” என்றாள் ஃப்ளோரா.

தங்க வயல், ராபர்ட்சன்பேட்டை பிரவுசிங் சென்டர். பலகைத் தடுப்பு வைத்த குட்டிக் குட்டி அறைகள். அதில் ஒன்றில், ஒரே நாற்காலியில் தோழிகள் இருவரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு வாரமாக இதே கூத்துதான். தையல் கிளாஸ் முடிந்து கண்மணி வீட்டுக்கு நடந்தால், முகத்தில் மஃப்ளர் சுற்றிய ஒருத்தன் பின்னாலேயே வருகிறான்.

“வழிய மாத்திகினு போனாலும், முன்னாடியே வந்து நிக்கிறான்டி.”

“உங்கப்பாகிட்ட சொல்றதுதானே?”

“ஐயோ! கிளாஸே வேணாம்னு வீட்ல உக்கார வெச்சிடுவாரு. டேனிகிட்ட மட்டும்தான் சொல்லிகினு கீறேன். அவன்தான் தைரியம் சொல்றான்.”

டேனி, டொரண்டோவில் படிக்கும் தமிழ்ப் பையன். இரண்டு மாதமாக சாட்டிங் சிநேகம். முகம் தெரியாது, குரல் தெரியாது. ஆனாலும் தங்கமான பையன் என்று கண்மணி சத்தியமே செய்வாள்.

எந்தப் பக்கம் போகிறோம் என்று தினமும் ஒரு ஜீவனுக்காவது தெரியட்டுமே! இன்றைக்கு, தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிவைத்த சயனைடு மண்மேட்டு வழியாகப் போவதாக அவனுக்குத் தட்டினாள்.

‘பயந்தாங்கொள்ளி! LOL’ என்று பதில் வந்தது.

“இன்னாடி அது, எல்-ஓ-எல்?”

“வாய்விட்டுச் சிரிக்கிறானாம்.”

“நல்லா சிரிச்சான்! கனடாவுல குந்திகினு சிரிச்சா உனக்கு இங்க கேக்கவா போவுது?”

கண்மணி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் காலுக்கடியில் ‘தும்’மென்று ஒரு சத்தம். எங்கோ ஆழத்தில், சுரங்கத்தில் பாறை வெடித்திருந்தது. மேசை, மானிட்டர், கட்டடம் எல்லாமே ஒரு குலுக்குக் குலுங்கின.

“அம்மாஆ!” என்று வீறிட்டாள் கண்மணி.

“அடச்சீ, பர்ஸ்ட்டுடி! தங்க வயல்ல பொறந்துட்டு, தெனம் கேக்கற சத்தத்துக்குப் போயி…” ஃப்ளோரா தலையிலடித்துக்கொண்டாள்.

பக்கத்துத் தடுப்புக்குள் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். கண்மணிக்கு மானமே போயிற்று. நெஞ்சைப் பிடித்தபடி திரையைப் பார்த்தாள்.

டேனி புதிதாக ஒரு வரி அனுப்பியிருந்தான்.

‘LOL! இதுக்குப் போய் இப்படியா அம்மான்னு கத்துவே?’