முப்பத்தோராவது டோக்கன்

போன மாதம் நோயாளியின் எதிரிலேயே மயங்கி விழுந்தபின் டாக்டர் தாரணி ஒரு முடிவெடுத்தாள். நீலசந்திரா கிளினிக்கில் இனி ஒரு நாளைக்கு முப்பது பேர்தான். மிச்சமிருந்த பித்தளை டோக்கன்களைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

வாசலில் டோக்கன் கொடுக்கும் அப்பா கோவிந்தராஜனுக்கு அது பொறுக்கவில்லை.

"நம்ம வாசலுக்கு வந்தவங்கள திருப்பி அனுப்புறதா?"

அவள் பூட்டுமுன் முப்பத்தொன்றாம் டோக்கனை மட்டும் அவளுக்குத் தெரியாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தினமும் யாராவது ஒருவருக்குக் கொடுத்தார். உள்ளே அவள் எண்ணுவதில்லை.

"முப்பதோட நிறுத்தியும் ஏன்ப்பா தலை சுத்துது?" என்று நேற்று கேட்டாள். அவர் பேப்பரிலிருந்து தலை தூக்கவில்லை.

இன்று பகல் ஒரு மணிக்கு முப்பதாவது ஆள் உள்ளே போனார். கோவிந்தராஜன் சட்டைப்பையைத் தடவினார். டோக்கன் இல்லை. பெஞ்சில் ஒருத்தி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் முப்பத்தொன்று.

"யாரும்மா குடுத்தது?"

"நீங்கதான்ப்பா."

நிமிர்ந்தது தாரணியின் முகம்.

கதவுக்கு உள்ளே தாரணி, "மூச்ச நல்லா இழுத்து விடுங்க" என்று நோயாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முப்பதாவது ஆள் வெளியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

"இன்னும் யாராச்சும் இருக்காங்களாப்பா?" உள்ளிருந்து குரல் வந்தது.

பெஞ்சில் இருந்தவள் எழுந்தாள். கோவிந்தராஜன் கதவை மறித்து நின்று உள்ளே குரல் கொடுத்தார்.

"யாரும் இல்லம்மா. நீ கிளம்பு."

பெஞ்சிலிருந்து எழுந்தவள் நெருங்கி வந்து டோக்கனை நீட்டினாள்.

"வாசலுக்கு வந்தவங்கள திருப்பி அனுப்புறதாப்பா?"