நியாயமான நேரம்

பந்து நின்றுவிட்டது.

குழியின் விளிம்பில். பாதி தரையில், பாதி அந்தரத்தில். வாசல்வரை வந்துவிட்டு, செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசிக்கிற விருந்தாளி மாதிரி.

அவள் புல்தரையின் மறுகோடியில் நின்று பார்த்தாள். அங்கிருந்துதான் அடித்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை. கோல்ஃப் போட்டியில் இரண்டாம் நாளின் கடைசிக் குழி. இது விழுந்தால் சனியும் ஞாயிறும் ஆடலாம். விழாவிட்டால் போய் இன்னொரு தட்டுத் தட்ட வேண்டும். அந்த ஒரு தட்டில் வீட்டுக்கு.

இந்த வயதில் அழைப்பின் பேரில்தான் ஆடுகிறாள். இன்று வெளியேறினால் அடுத்த வருடம் அழைப்பு வராது என்று நயமாகச் சொல்லியிருந்தார்கள். ஆகவே வீட்டுக்கு என்றால் வீட்டுக்கேதான்.

கோல்ஃப் சட்டத்தில் இதற்கு ஒரு தயவு இருக்கிறது. பந்து விளிம்பில் தொங்கினால், அடித்தவர் அதனிடம் நடந்து போய்ச் சேர நியாயமான நேரம் உண்டு. சேர்ந்த பிறகு பத்து விநாடி. அதற்குள் தானாக விழுந்தால், விழுந்ததுதான்.

நியாயமான நேரம் எவ்வளவு என்று சட்டம் சொல்லவில்லை. ஆளைப் பொறுத்தது. காலைப் பொறுத்தது.

சிக்கலே அங்கேதான்.

இங்கிலாந்தில் அவளைவிட வேகமாக நடந்த ஆட்டக்காரி பிறக்கவில்லை. பத்தொன்பது வயதில் லங்காஷயர் கடற்கரையில் ஆட வந்தாள். மட்டைப் பை தூக்க வந்த ஆண்கள் பாதி ஆட்டத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். எட்டாவது குழியருகே உட்கார்ந்த ஒருவன், அங்கேயே தோட்டக்காரர் மகளைக் கட்டிக்கொண்டு பிள்ளைகுட்டியோடு தங்கிவிட்டான். எதிர்க்காற்று வந்தால் காற்றுதான் ஒதுங்கும்.

நேர்மையிலும் அதே கறார். ஒருமுறை கடற்காகம் ஒன்று அவள் பந்தைக் கவ்விக்கொண்டு போய், குழிக்குப் பக்கத்திலேயே பத்திரமாக வைத்தது. அவள் அதை எடுத்து, சட்டப்படி, பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தாள். பறவை மனம் நொந்துபோய் அதன்பிறகு அந்தக் கடற்கரைக்கே வரவில்லை.

வருடங்கள் நடந்தன. மரமட்டை போய் இரும்பு வந்தது. பாவாடை போய்க் கால்சட்டை வந்தது. கணவர் ஒருவர் வந்தார், போனார். பெரிய கோப்பை கைக்கு எட்டும் தூரம் வந்து, இன்னொருத்தி கைக்குப் போனது.

வலது முட்டியில் வலி வந்தது.

அது மட்டும் போகவில்லை.

யாருக்கும் தெரியாது. இத்தனை காலமாகப் பை தூக்கும் மேவிஸுக்குக்கூட. வலிக்க வலிக்க வேகத்தைக் கூட்டுவாள். மெதுவாக நடந்தால் கேள்வி வரும். முட்டி போனவளுக்கு அழைப்பு வராது.

இன்று வேகமாக நடந்தால் அது பொய். ஆனால் நாணயமான பொய்.

மெதுவாக நடந்தால் அது உண்மை. ஆனால் பார்ப்பவர்களுக்குப் பட்டப்பகல் திருட்டு.

மேவிஸ் அருகில் வந்து வாயோரமாக முணுமுணுத்தாள்.

"அடியே கிழவி, வாழ்க்கையில ஒரு தடவை உன் வயசுக்கு நட. பந்து பாவம், யோசிக்கட்டும்."

"என் வயசுக்கா?"

"கூட ரெண்டு சேத்துக்க."

அவள் நடந்தாள்.

முதல் சில எட்டுகள் பழக்க தோஷம். அம்பு.

பிறகு விட்டுவிட்டாள். பல வருடமாக இறுக்கிப் பிடித்திருந்த கதவை விடுகிற மாதிரி. வலது கால் இழுத்தது. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. நின்றாள். மறுபடியும் இழுத்தாள்.

கூட்டம் சிரித்தது.

காற்றையே ஒதுக்கியவள் நொண்டுகிறாள்! கை தட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள்.

"யம்மா, சக்கர நாற்காலி கொண்டாரவா?" என்று கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவன் கத்தினான்.

நடுவர் சிரிக்கவில்லை. அவர் சட்டத்தை யோசித்தார். நொண்டக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை.

பின்னால் வந்த மேவிஸ் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தாள்.

பாதி வழியில் அந்தச் சிரிப்பு நின்றது.

நொண்டி நடிப்பவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். இவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. மட்டையைப் பிடித்த கையில்தான் எலும்பு வெளுத்துத் தெரிந்தது.

குழிக்கு வந்து சேர்ந்தாள். கூட்டம் மூச்சை நிறுத்தியது. கடல்கூட ஓர் அலையை விட்டுவிட்டது என்று அன்று இருந்தவர்கள் சத்தியம் செய்கிறார்கள்.

பந்து யோசித்தது.

விழுந்தது.

தொப்பிகள் பறந்தன. கூட ஆடிய சின்னப் பெண் குதித்தாள்.

இனி குனிந்து பந்தை எடுக்க வேண்டும்.

அவள் குனியவில்லை. கையை உயர்த்தினாள். ஆரவாரம் கூடியது. மறுபடியும் உயர்த்தினாள். ரசித்து நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் தட்டினார்கள்.

மேவிஸ் வந்தாள். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, பந்தை எடுத்தாள். நிமிரும்போது, கட்டிப்பிடிக்கிற சாக்கில், தோளைக் கொடுத்தாள்.

முழுப் பாரமும் அதன்மேல் இறங்கியது.

"எத்தனை வருஷமாடி?"

அவள் கூட்டத்தைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே இருந்தாள்.

"நாளைக்கு நமக்கு எத்தனை மணிக்கு ஆட்டம்?"