நீலாவதி வீட்டில் எத்தனை பேர்?

"இன்னிக்காச்சும் உண்மையச் சொல்லுங்கக்கா. வீட்டுல மொத்தம் எத்தனை பேரு?"

விசுவநாதன் ஏறக்குறைய கெஞ்சினான். லயத்து வரிசை வீட்டு வாசலில் ரப்பர் பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்த நீலாவதி நிமிர்ந்து பார்த்தாள்.

"நாலு பேரு தம்பி."

முந்தாநாள் மூன்று என்றாள். அதற்கு முன் இரண்டு. எட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு பாய், ஒரு தட்டு.

மலாயாவில் ரந்தாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் அது. வருடம் 1953. சிங்கப்பூரில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும் ஆறு பேர், தோட்டத்து வீடுகளைக் கணக்கெடுக்கும் விடுமுறைப் பள்ளி என்று மூன்று வாரமாகத் தோட்டத்துக் கிளப்பில் தங்கியிருந்தார்கள். டாக்டர்கள் என்று கேள்விப்பட்டு முதல் நாள் லயத்தில் பாதிப் பேர் இருமலைக் காட்டப் போனது தனிக்கதை.

வரலாறு, பொருளாதாரம், சமூகவியல் என்று ஆளுக்கொரு படிப்பு. ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று படிப்புக்காரர்களும் தனித்தனியாகப் போகவேண்டும். பதில்கள் ஒத்துப்போகாவிட்டால் மறுபடி முதல் கேள்வியிலிருந்து தொடங்கவேண்டும். வெள்ளைக்காரப் பேராசிரியரின் சட்டம் இது.

முதல் கேள்வி குடும்பத் தலைவர் பெயர். ஆபிஸ் குமாஸ்தாவான கிராணி கொடுத்த பழைய பட்டியலைப் பார்த்து, "சன்னாசி, சரிதானே?" என்று படிப்பார்கள். "ஆமா" என்பாள் நீலாவதி. அதில் ஒருநாளும் தகராறு வந்ததில்லை. அடுத்த கேள்வியில்தான் வண்டி குடைசாயும். மற்ற வீடுகளெல்லாம் ஒரே சுற்றில் முடிந்துவிட, இந்த வீட்டுக்கு மட்டும் இது ஏழாவது நடை.

கிளப்பில் இதைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது.

"ரேஷன் அரிசி அதிகமாக் கிடைக்கும்னு ஏத்திச் சொல்றாங்க," என்றான் பொருளாதாரம் படிக்கும் மணியம்.

"இல்லப்பா, ஜப்பான்காரன் காலத்துல சயாம் ரயில் பாதையில செத்தவங்களையும் சேர்த்து எண்ணுறாங்க," என்றான் வரலாறு படிக்கும் இராஜமாணிக்கம்.

சமூகவியல் படிக்கும் விசுவநாதன் கங்காணி ஆறுமுகத்தைக் கேட்டுப் பார்த்தான். அவர் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார்.

"அந்த வீட்டு ஆம்பளைய நாலு வருசத்துக்கு முந்தி போலீசு புடிச்சிட்டுப் போயிருச்சு சார். யூனியன் ஆளு. ஜெயில்ல இருக்காரோ, ஊருக்குக் கப்பலேத்திட்டாங்களோ, யாருக்குத் தெரியும்? என்னைய இதுல இழுக்காதீங்க."

இன்று கடைசி நாள். மாணவர்களை ஏற்றிப்போக முள்கம்பி வேலிக்கு அப்பால் லோரி வந்து நின்றுவிட்டது. விசுவநாதனுக்கு இப்போது கேள்வித்தாளைப் பற்றிய கவலையைவிட அவளைப் பற்றிய பயம்தான் அதிகம்.

"அக்கா, காலம் கெட்டுக் கெடக்கு. ஒரு ஆள் அதிகமா இருக்குன்னு சொன்னாக்கூட, காட்டுல ஒளிஞ்சிருக்கிற கம்யூனிஸ்டுக்காரங்களுக்குச் சோறு போவுதுன்னுதான் போலீசு நெனைக்கும். உங்களையும் லோரியில ஏத்திட்டுப் போயிடுவாங்க."

"தெரியும் தம்பி."

"தெரிஞ்சுமா இப்படிச் சொல்றீங்க? நாளைக்குத் திருத்திக்கலாம்னு நெனைக்காதீங்க. நாங்க இனிமே வர மாட்டோம்."

வாளியைத் தேய்த்த கை நின்றது. "வர மாட்டீங்களா?"

"விடுமுறை முடிஞ்சிருச்சுக்கா."

"வேற யாராச்சும் வருவாங்களா? அடுத்த வருசம்?"

"யாரும் வர மாட்டாங்க."

அவள் முகம் வாடிப்போனது. வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

"நான் ஒருத்திதான் தம்பி. அப்படியே எழுதிக்குங்க."

விசுவநாதன் எழுதினான். நிம்மதியாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. "இத மொதல் நாளே சொல்லியிருந்தா, நாங்க ஒரே சுத்துல முடிச்சிட்டுப் போயிருப்போமே."

"அதான் சொல்லல," என்றாள் நீலாவதி. "அவரக் கொண்டுபோனதிலேருந்து, பயத்துல இந்த லயத்துல யாரும் அவரு பேர எடுக்கிறதில்ல. பொண்டாட்டி நான் சொல்லக் கூடாது. நாலு வருசம் கழிச்சு நீங்கதான் வந்து வாய்நெறையச் சொன்னீங்க. போறதுக்கு முன்னால, அந்த மொதக் கேள்விய மட்டும் இன்னொரு தடவ கேட்டுட்டுப் போங்க தம்பி."