செவலை போட்ட உறுமல்

கூரையை வெட்டியெறிந்து, லாரி எஞ்சினைப் பூட்டிக்கொண்டு முதன்முதலில் ரோட்டை அதிரவைத்த கார் பெரியவர்தான். இப்போது உடம்பெல்லாம் துரு, ஷெட்டில் படுத்த படுக்கை. கேள்விப்பட்டதும், அவரைப் பார்த்துத் தாங்களும் அதேபோல் உருமாறியிருந்த கார்களெல்லாம் அலறியடித்து ஓடி வந்தன.

"ஐயா, நாங்க இருக்கோம்!" என்றது சிவப்புக் கார் செவலை.

அவர்களிடையே மரியாதை என்றால் உறுமல்தான். எல்லாம் சேர்ந்து உறுமின. தகரக் கூரை கிடுகிடுத்தது. பெரியவரின் விளக்குகள் படபடவென்று சிமிட்டின.

"ஐயா முகத்துல சந்தோஷத்தைப் பாருங்க! இன்னும் போடுங்கடா!" என்றது செவலை.

அதுவே அடிவயிற்றிலிருந்து உறுமியது. பெரியவரின் கதவு கழன்று விழுந்தது. அடுத்த நொடி ஆளே பொலபொலவென்று உதிர்ந்துவிட்டார்.



"ஏதோ சொல்லிக்கிட்டே இருந்தாரே," என்றது மூலையில் நின்ற மொபெட். "யாருக்காவது கேட்டுச்சா?"

அப்போதுதான் செவலை எஞ்சினை அணைத்தது.